டெல்டாவில் வானம் பார்க்கும் நிகழ்ச்சி: மேகம் வந்தால் 150 பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் வெண்ணாற்றங்கரையிலுள்ள ஒரு கிராமத்தில் இளைஞர் நற்பணி மன்றம் ஒன்றின் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் மன்றமும் பக்கத்துக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் சேர்ந்து, சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆண்டுக்கு ஓர் இரவாவது வானம் பார்க்கும் நிகழ்ச்சி நடத்துவது என்று முடிவு செய்து, சென்ற ஆண்டு முதன்முதலாக அதில் இறங்கினோம். அதில் பட்ட பாட்டைச் சொன்னால்தான் என் கேள்வி விளங்கும்.

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு முழுச் சந்திர கிரகணம். இரவு 11.01 மணி முதல் 12.22 மணி வரை நிலவு முழுவதும் பூமியின் நிழலுக்குள் இருக்கும் என்பதால், பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குப் பள்ளி மைதானத்துக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தோம். ஏறத்தாழ 120 பேர் வந்தார்கள். எட்டரை மணி வரை வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒன்பதரைக்கு மேற்கே மின்னத் தொடங்கி, பத்தேகாலுக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. பள்ளி வராந்தாவில் 120 பிள்ளைகளும், அவர்களை அழைத்துப்போக வந்த பெற்றோரும், இரண்டு தொலைநோக்கிகளும் நெருக்கியடித்து நின்றோம். பன்னிரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர் மேகம் ஓரிடத்தில் மெலிந்து, செம்பு நிறத்தில் ஏதோ ஒன்று இரண்டு மூன்று நிமிடங்கள் தெரிந்தது. அப்போது விழித்திருந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. இத்தனைக்கும் மேலே, இரவல் வாங்கி வந்த தொலைநோக்கியின் முன்கண்ணாடியில் விழுந்த தூறலை எங்கள் மன்றத்துத் தம்பி ஒருவர் தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டார். அந்தக் கீறல்கள் இன்றும் இருக்கின்றன.

வரும் 2027 தொடக்கத்தில் மறுபடியும் நடத்த நினைக்கிறோம். இம்முறை 150 பேர் வரை வருவார்கள். எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது, நடத்துவதா தள்ளிவைப்பதா என்பதை எந்த நேரத்தில் முடிவு செய்வது, எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு மேகம் மூடிக்கொண்டால் அவர்களை என்ன செய்வது என்பவைதான் என் கேள்விகள். "மழை வரும் என்று கைப்பேசியிலேயே தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா?" என்று ஒரு தாய் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

கொள்ளிடத்தான்

வணக்கம். கிரகணம் நம் வசதிக்கு வருவதில்லை என்பதால் உங்கள் மேல் குற்றமில்லை. ஆனால் டெல்டாவில் செப்டம்பர் மாத இரவு எட்டு மணிக்கும் நள்ளிரவுக்கும் இடைப்பட்ட நேரத்தை நம்பி எதையும் திறந்தவெளியில் வைக்கக்கூடாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நமக்கு மழை பெரும்பாலும் அடைமழையாக வருவதில்லை. பகல் வெயிலில் நிலம் காய்ந்து, பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்து மோதும் இடத்தில் மேகம் செங்குத்தாக எழும்பி, உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று அதைக் கடற்கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் இரவாகிவிடுகிறது. மாலை வானம் தெளிவாக இருந்ததைக் கொண்டு இரவும் அப்படியே இருக்கும் என்று எண்ணுவதற்கு அந்த மாதங்களில் இடமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் 13, 14 இரவுகளில் வரும் ஜெமினிட் எரிகல் பொழிவு எவ்வளவு அழகானதாக இருந்தாலும், நம் பகுதியில் அதை நம்பி நூறு பேரை அழைப்பவர் துணிச்சல்காரர்தான். பொங்கல் கழிந்ததிலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரைதான் நமக்கு வானம் கிடைக்கும் காலம்.

நாளைச் சொல்கிறேன். 2027 பிப்ரவரி 13, சனிக்கிழமை. மறுநாள் வளர்பிறை அரைநிலவு. முழுநிலவைத் தொலைநோக்கியில் பார்த்தால் வெள்ளைத் தட்டுதான் தெரியும். அரைநிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டையொட்டிப் பள்ளங்களின் நிழல் நீளமாக விழுவதால், முதல்முறை பார்க்கும் பிள்ளை தன்னையறியாமல் சத்தம் போடும். அந்த வாரத்தில்தான் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. ஆகவே பொழுது சாயும்போது கிழக்கே உதித்து, எட்டு மணிக்குப் பார்க்கத் தக்க உயரத்துக்கு வந்துவிடும். செவ்வாயும் அதே பக்கத்தில், பிப்ரவரி 19 அன்று எதிர்நிலைக்கு வரவிருக்கும் நிலையில் இருக்கும். ஆனால் இம்முறை அது பூமிக்கு அதிகம் நெருங்குவதில்லை என்பதால், சிவந்த சிறு புள்ளிக்கு மேல் பிள்ளைகளுக்கு உறுதி கூறாதீர்கள். சனி மேற்கே தாழ்ந்திருக்கும். உங்கள் மைதானத்துக்கு மேற்கே தென்னந்தோப்பு இருந்தால் ஏழரைக்குள் அதைப் பார்த்துவிட வேண்டும்.

மாற்று நாள் வைப்பதில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். சனிக்கிழமை இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்று அறிவிப்பார்கள். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு இருந்தால் அது இரண்டு நாளையும் சேர்த்தே கொண்டுபோய்விடும். அடுத்தடுத்த நாட்களின் வானிலை அண்ணன் தம்பி போன்றது. ஞாயிற்றுக்கிழமையை முதல் மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டாவது மாற்று பல வாரங்கள் தள்ளியிருக்க வேண்டும். மார்ச்சில் பொதுத்தேர்வு என்பதால் பெற்றோர் விட மாட்டார்கள். ஏப்ரல் 10 சனிக்கிழமை நல்ல நாள். மாலையில் மூன்று நான்கு நாள் பிறை, மேலே வியாழன்.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கைப்பேசியில் வரும் மழைச் சின்னம் உங்களுக்கு வேண்டிய செய்தியைச் சொல்வதில்லை. மழை பெய்யுமா என்பது ஒரு கேள்வி, மேகம் இருக்குமா என்பது வேறு கேள்வி. ஒரு சொட்டுக்கூட விழாமல் இரவு முழுவதும் வானம் மூடிக் கிடக்கலாம். காரைக்காலில் உள்ள டாப்ளர் ரேடாரின் படத்தை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் பார்க்கலாம். ஆனால் ரேடார் காண்பது மழைத்துளிகளைத்தான், மெல்லிய கீற்று மேகத்தை அது காணாது. மேகத்துக்கு இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தைப் பார்க்க வேண்டும். அது இரவிலும் வரும். அதிலும் ஒரு குறை உண்டு. அந்தப் படம் வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு மேகத்தைக் காட்டுவதால், உயரத்தில் இருக்கும் குளிர்ந்த மேகம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், தரையை ஒட்டிய தாழ்ந்த மேகமும் பனிமூட்டமும் தரையின் நிறத்திலேயே கலந்து மறைந்துவிடும். ஆகவே இரண்டையும் பார்த்துவிட்டு, மொட்டை மாடியில் ஏறி நின்று நான்கு திசையும் கண்ணால் பார்ப்பதும் வேண்டியிருக்கிறது. ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அரை மணிக்கொரு முறை வரும் நான்கைந்து படங்களை வரிசையாகப் பார்த்தால், மேகம் எந்தத் திசையில் நகர்கிறது, கரைகிறதா வளர்கிறதா என்பது தெரிந்துவிடும்.

முடிவெடுக்கும் நேரம் பிற்பகல் மூன்று மணி. அதற்கு முன் முடிவு செய்தால் தவறும் வாய்ப்பு அதிகம். அதற்குப் பின் என்றால் வேன் பேசியவர்களும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் கிளம்பிவிடுவார்கள். முடிவை ஒருவர்தான் எடுக்க வேண்டும். குழுவில் கருத்துக் கேட்டால் ஆறு மணி வரை பேச்சுதான் நடக்கும்.

பழையாறைப் பெரியம்மா

வணக்கம். முப்பது ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மேலே ஐயா நாளையும் வானிலையையும் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் மூன்று மணிக்கு "நடக்கும்" அல்லது "நடக்காது" என்று அறிவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புயல் எச்சரிக்கையோ இடிமழையோ இருந்தால் தள்ளிவைக்கலாம். வெறும் மேகத்துக்காகத் தள்ளிவைத்தால், அடுத்த முறை பாதிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். மூன்று மணிக்கு நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, அன்று இரண்டு நிகழ்ச்சிநிரல்களில் எது நடக்கும் என்பதைத்தான்.

நீங்கள் யோசிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. 150 பிள்ளைகள், ஒரு தொலைநோக்கி, ஒருவருக்கு 40 விநாடி என்று வைத்தாலும் வரிசை முடிய 100 நிமிடங்கள் ஆகும். மேகத்துக்கு நடுவே உங்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம் என்றால் 45 பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், மற்ற 105 பேரும் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்திருப்பார்கள். அன்றிரவு உங்களைத் தோற்கடித்ததில் மழைக்குப் பாதிப் பங்கு, வரிசைக்குப் பாதிப் பங்கு என்றே நினைக்கிறேன். எனவே பெரிய தொலைநோக்கி ஒன்றைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, சிறியவை மூன்று நான்கும் பைனாகுலர் ஐந்தாறும் திரட்டுங்கள். எல்லாவற்றையும் முதலில் நிலவின் மேலேயே திருப்பி வையுங்கள். மெல்லிய மேகத்தின் ஊடாகவும் நிலவும் வியாழனும் தெரியும், ஓரியன் விண்மீன் கூட்டத்தின் வாள் பகுதியிலுள்ள நெபுலா, அதாவது மங்கலான வாயு மேகம், தெரியாது. பிரகாசமானதை முன்னே காட்டி, மங்கலானதைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். உருப்பெருக்கத்தையும் குறைத்து வையுங்கள். நூறு மடங்கில் வைத்தால் வியாழன் இரண்டே நிமிடத்தில் பார்வைப் புலத்தைவிட்டு நகர்ந்துவிடும். பூமி சுழல்வது நமக்காக நிற்காது. அதற்குள் ஒரு பிள்ளை "ஒண்ணுமே தெரியலையே" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டு நகர்ந்து போயிருக்கும். ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் அருகில் ஒருவர், மூன்று பிள்ளைக்கு ஒரு முறை கண் வைத்துப் பார்த்துத் திருத்துவதற்கென்றே இருக்க வேண்டும்.

இரண்டாவது, நிகழ்ச்சியை ஏழு மணிக்குத் தொடங்காமல் நான்கரைக்குத் தொடங்குங்கள். சூரியனும் ஒரு விண்மீன்தான். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியின் மேல் அட்டையை ஒட்டி, நடுவில் ஒரு மொச்சை அளவுக்குத் துளையிட்டு, வெயிலில் வைத்து, அதன் பிரதிபலிப்பை இருட்டடித்த வகுப்பறைச் சுவரில் விழச் செய்தால் சூரியனின் உருவமே கிடைக்கும். 20 மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். நேரே சூரியனைப் பார்க்க வேண்டியதில்லை, தொலைநோக்கியும் வேண்டியதில்லை. வானம் மாலையில் தெளிந்திருந்து இரவில் மூடிக்கொண்டாலும் பிள்ளைகள் ஒரு விண்மீனைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

மூன்றாவது, முழுவதுமாக மூடிக்கொண்டால். இரவு வானத்தை அப்படியே கணினியில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளைத் திரையில் போட்டுக் காட்டலாம், நானும் காட்டியிருக்கிறேன். கால் மணிக்கு மேல் காட்டினால் பிள்ளைகள் அதை இன்னொரு வகுப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நான் செய்வது வேறு. ஒரு கால்பந்தை மைதானத்தின் ஓரத்தில் வைத்து அதுதான் சூரியன் என்பேன். அந்த அளவில் பூமி ஒரு கடுகு; அது சூரியனிலிருந்து இருபத்து மூன்றரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கடுகிலிருந்து 6 சென்டிமீட்டரில் நிலவு, ஒரு ரவை. வியாழன் சிறிய நெல்லிக்காய், 122 மீட்டரில். சனி 224 மீட்டரில். நெப்டியூன் 700 மீட்டருக்கும் அப்பால். இதற்கு மைதானம் போதாது, ஊர்த் தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு கோளுக்கும் ஒரு பிள்ளையை அந்தந்த இடத்தில் நிறுத்திவிட்டு மற்றவர்களை அழைத்துக்கொண்டு போவேன். நெப்டியூனில் போய் நின்றபிறகு, அடுத்த கால்பந்து, அதாவது மிக அருகிலுள்ள விண்மீன், எங்கே இருக்கும் என்று கேட்பேன். பக்கத்து ஊர் என்பார்கள், திருச்சி என்பார்கள், ஒரு முறை ஒருவன் சென்னை என்றான். அந்த அளவில் அது 6,000 கிலோமீட்டருக்கும் மேல். மேகம் மூடிய இரவில் இதைச் செய்தால் மேகத்தை யாரும் நினைப்பதேயில்லை. சொல்லப்போனால், வானம் தெளிவாக இருந்த ஆண்டுகளில் இதைச் செய்ய நேரமில்லாமல் போனதில் எனக்குக் குறைதான்.

கோரையாறு

வணக்கம் அண்ணா. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வானிலை என்றதும் மழையையும் மேகத்தையும் மட்டும் பேசுகிறோம். பிப்ரவரியில் நம் ஊரில் தொலைநோக்கியைக் கெடுப்பது பனி. இரவில் திறந்த வானத்தை நோக்கி நிற்கும் கண்ணாடி தன் வெப்பத்தை மேலே இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால் அதன்மேல் முதலில் பனி படிகிறது. எட்டரைக்கே நிலவு மங்கலாகத் தெரிந்தால் பலர் மேகம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். யோகா செய்யும் விரிப்பை வாங்கி, தொலைநோக்கிக் குழாயின் முன்புறம் அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருக்கும்படி சுற்றிக் கட்டிவிட்டால் இரண்டு மணி நேரம் தாங்கும். அப்படியும் படிந்தால் முடி உலர்த்தும் கருவியின் இளஞ்சூட்டைத் தள்ளி நின்று காட்ட வேண்டும். துண்டு, கைக்குட்டை, புடவைத் தலைப்பு எதையும் அருகே விடாதீர்கள்; அந்தக் கீறலைப் படித்தபோது எனக்கே வலித்தது.

இடத்தைப் பற்றியும் ஒன்று. பள்ளி மைதானத்தில் விளக்கு அதிகம் என்று வெளியே போக நினைத்தால், பிப்ரவரியில் நெல் உலர்த்தும் களங்களெல்லாம் சம்பா நெல்லால் நிறைந்திருக்கும், கொள்முதல் நிலையத்தில் இரவெல்லாம் பெரிய விளக்கு எரியும். அறுவடையான வயல் சும்மாதானே கிடக்கிறது என்று பிள்ளைகளை இறக்கிவிடவும் கூடாது. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள், தாளுக்கு நடுவே அது முளைத்து நிற்கும். நாங்கள் ஒரு முறை இருட்டில் அப்படி இறங்கி, மறுநாள் காலையில் அந்த வயல்காரப் பெரியவரிடம் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. எங்கே நடந்தாலும் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்; ஆனால் நடைபாதைக்கு மட்டும் வெள்ளை விளக்கே இருக்கட்டும். கண் இருட்டுக்குப் பழகுவதைவிட விரியனை மிதிக்காமல் இருப்பது முக்கியம்.

கொள்ளிடத்தான்

அம்மா சொன்ன வரிசைக் கணக்கை நான் இதுவரை போட்டுப் பார்த்ததில்லை; ஏற்றுக்கொள்கிறேன். மேகத்துக்காகத் தள்ளிவைக்க வேண்டாம் என்பதையும் பாதி ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மேகம் எப்போது இடிமேகமாகிறது என்பதை அங்கே நிற்பவர் யாரும் தன் ஆர்வத்தைக் கொண்டு தீர்மானிக்கக்கூடாது. இடி காதில் விழுந்த அந்த நொடியே தொலைநோக்கியை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கான்கிரீட் கட்டடத்துக்குள் அழைத்துப் போக வேண்டும். கடைசி இடியோசைக்குப் பிறகு அரை மணி கழிந்தே வெளியே வர வேண்டும். இடையில் இன்னொரு இடி கேட்டால் அரை மணியை மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும். தெருவில் கால்பந்து நடை போகும்போதும் இதேதான். புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் கைப்பேசியிலேயே காட்டும். பொறுப்பாளர் ஒருவரின் கையில் அது திறந்தபடி இருக்கட்டும்.

வெண்ணாற்றங்கரை

அம்மாவுக்கும் ஐயாவுக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. மன்றத்தில் பேசி, பிப்ரவரி 13, அதற்கு மாற்றாக மறுநாள், அதற்கும் மாற்றாக ஏப்ரல் 10 என்று தலைமையாசிரியர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டோம். அழைப்பிதழில் "வானம் பார்க்கும் இரவு" என்று போட்டிருந்ததை மாற்றி, மாலை நான்கரை மணி என்று நேரத்தையும் மாற்றி, எட்டே முக்காலுக்கு முடிந்துவிடும் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். கடைசி டவுன் பஸ் ஒன்பது மணிக்கு என்பதால் பெண்பிள்ளைகளின் வீட்டில் முதலில் கேட்பது அதைத்தான். மூன்று மணி முடிவு என்னுடையது என்று ஒருமனதாக என் தலையில் கட்டிவிட்டார்கள். தொலைநோக்கி மூன்று உறுதியாகியிருக்கின்றன. துண்டு போட்ட தம்பிதான் யோகா விரிப்பு வாங்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நேற்று மாலை மழை விட்ட இடைவெளியில் நான்கு பையன்களோடு கால்பந்தையும் கடுகையும் எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்தோம். கடுகு கீழே விழுந்து தொலைந்ததால் பூமியை மூன்று முறை மாற்ற வேண்டியதாயிற்று; இனி அதை ஓர் அட்டையில் ஒட்டி எடுத்துப்போக வேண்டும். வியாழன் டீக்கடை வாசலில் வருகிறது. சனி பிள்ளையார் கோயிலைத் தாண்டி. நெப்டியூன் ஆற்றுப் பாலத்துக்கு மறுகரையில் விழுகிறது. அந்தப் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் உடைந்திருப்பதால், இருட்டில் பிள்ளைகளை அதன்மேல் அழைத்துப் போக எனக்கு மனமில்லை. அம்மா, கால்பந்துக்குப் பதிலாகக் கிரிக்கெட் பந்தை வைத்து எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் நெப்டியூன் பாலத்துக்கு இப்பாலேயே நின்றுவிடும். ஆனால் அப்போது பூமி கடுகிலும் சிறியதாகிவிடுமே, அதற்கு எதை வைக்கலாம்? கசகசா சரியாக வருமா?

பழையாறைப் பெரியம்மா

கசகசா சரியாக வரும். நிலவை மட்டும் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் காட்டிவிடுங்கள், கசகசாவிலிருந்து 2 சென்டிமீட்டரில்.